வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுமா?

காலையில் போனைத் திறந்ததும் இப்படி ஒரு மின்னஞ்சல் கிடக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட இதுதான்:

“அன்புள்ள வெற்றியாளரே, எங்கள் பன்னாட்டுக் கணினிக் குலுக்கலில் உங்கள் மின்னஞ்சல் முகவரி தேர்வாகியுள்ளது. பரிசு 5,00,000 பவுண்டு. உங்கள் தொகுதி எண், குறிப்பு எண், சீட்டு எண் ஆகியவை கீழே. முழுப்பெயர், வயது, தொழில், வீட்டு முகவரி, கைபேசி எண், வங்கி விவரம் ஆகியவற்றை 72 மணி நேரத்துக்குள் எங்கள் அலுவலருக்கு அனுப்பவும். வேறு யாரும் உரிமை கோராமல் இருக்க, பணம் கைக்கு வரும்வரை இந்தச் செய்தியை ரகசியமாக வைத்திருக்கவும்.”

இது ஒரு தனிக் கடிதம் இல்லை. பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு அச்சு. கம்பெனிப் பெயர் மாறும், தொகை மாறும், பவுண்டு டாலராகும், டாலர் ரூபாயாகும். அச்சு மட்டும் மாறாது.

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. “நான் சீட்டே வாங்கலையே” என்று நீங்கள் நினைப்பதற்கு முன்னாலேயே அந்த வாயை அடைக்கத்தான் “மின்னஞ்சல் முகவரி தேர்வானது” என்ற வரி. தொகுதி எண்ணும் குறிப்பு எண்ணும் ஆபீஸ் காகிதம் மாதிரித் தெரிவதற்காக. 72 மணி நேரம் என்பது யோசிக்க விடாமல் ஓட்டுவதற்காக. கடைசி வரிதான் எல்லாவற்றிலும் கெட்டது. வீட்டில் மகனிடமோ, மருமகளிடமோ, பக்கத்து வீட்டு வாத்தியாரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று அனுப்பியவருக்கு நன்றாகத் தெரியும். உண்மையான பரிசு தருகிறவர் விளம்பரம் தேடுவார்; வாயைப் பொத்தச் சொல்ல மாட்டார்.

நிஜ லாட்டரியில் என்ன நடக்கிறது?

போலியைப் பிடிக்க அசலைத் தெரிந்திருப்பதுதான் நல்ல வழி. நெல்லைச் சீமைக்காரர்களுக்கு அசல் லாட்டரி தொலைவில் இல்லை. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. ஆனால் தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு. அங்கே கேரள அரசின் லாட்டரிச் சீட்டு சட்டப்படி விற்கிறது. லாரி ஓட்டுகிறவர்கள், சபரிமலைக்குப் போகிறவர்கள், குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்படியே ஒரு எட்டு போய் வருகிறவர்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். 2023 ஓணம் பம்பரின் 25 கோடி ரூபாய் திருப்பூர்க்காரர்களுக்கு விழுந்தபோது, “நம்ம பக்கத்து ஆளுக்கும் விழுதே” என்ற நினைப்பு இன்னும் பலமானது. அந்த நினைப்பில்தான் மோசடிக்காரர்கள் கை வைக்கிறார்கள்.

அந்தச் சீட்டு எப்படிப்பட்டது என்று பாருங்கள். கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைனில் விற்பனை கிடையாது. அன்றாடக் குலுக்கல் திருவனந்தபுரத்தில் கோர்க்கி பவனில், வழக்கமாக மாலை 3 மணிக்கு நடக்கிறது. முடிவு கேரள அரசிதழில் வெளியாகிறது. 5,000 ரூபாய் வரையிலான பரிசை எந்த லாட்டரிக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் அசல் சீட்டின் பின்னால் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை, பான் அட்டையோடு லாட்டரி அலுவலகத்திலோ வங்கி மூலமாகவோ 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வருமான வரியும் ஏஜெண்டு கமிஷனும் பரிசிலிருந்தே கழிந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கடையில் சீட்டு வாங்கும்போது யாரும் உங்கள் பெயரைக் கேட்பதில்லை. போன் நம்பர் கேட்பதில்லை. மின்னஞ்சல் முகவரி கேட்பதில்லை. அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விழுந்த சீட்டை வாங்கியவர் யாரென்று விற்ற அரசுக்கே தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு பம்பர் முடிந்ததும் “அந்த அதிர்ஷ்டசாலி யார்?” என்று டிவிக்காரர்கள் தேடி அலைகிறார்கள். சீட்டு வாங்கியவரையே தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஒரு ஏற்பாட்டில், வாங்காத உங்களைத் தேடி மின்னஞ்சல் வர வழியே இல்லை. நீங்கள்தான் சீட்டை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

இதை வைத்தே இன்னொரு வகையையும் பிடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் “கேரள லாட்டரி ஆன்லைனில் கிடைக்கும்” என்று விளம்பரம் வரும். பணம் அனுப்பினால் சீட்டின் போட்டோ ஒன்றை அனுப்புவார்கள். ஒரே போட்டோவை நூறு பேருக்கு அனுப்பலாம், அது சீட்டாகாது. இரண்டு நாள் கழித்து “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, ஜிஎஸ்டி கட்டுங்கள்” என்று போன் வரும். லாட்டரிக்கான ஜிஎஸ்டி சீட்டின் விலைக்குள்ளேயே இருக்கிறது. விழுந்த பரிசுக்கு ஜிஎஸ்டி என்று தனியாக ஒன்று இல்லை.

வெளிநாட்டு லாட்டரி என்றால் கதை இன்னும் சுருக்கம். இந்தியாவிலிருந்து லாட்டரிச் சீட்டு வாங்குவதற்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே 2000-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளின்படி தடை. “பரிசை எடுக்க இந்தக் கட்டணத்தை லண்டனுக்கு அனுப்பு” என்று ஒருவர் சொன்னால், கொள்ளை கொடுப்பதோடு விதி மீறலிலும் உங்களை இழுத்துவிடப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

மின்னஞ்சலில் முத்திரை இருக்கலாம், கையெழுத்து இருக்கலாம், அதிகாரியின் அடையாள அட்டைகூட ஒட்டியிருக்கலாம். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதுவரை பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகச் சொல்கிறார்கள்? பரிசு என்றால் பணம் உங்களை நோக்கி வர வேண்டும். உங்கள் கையிலிருந்து முதல் ரூபாய் போகச் சொன்ன நிமிடமே அது பரிசு இல்லை.

கேட்கும் விதம் படிப்படியாக இருக்கும். முதலில் கோடிக்கணக்கான பரிசுக்கு முன்னால் கொசு மாதிரித் தெரிகிற ஒரு தொகை: பதிவுக் கட்டணம் 4,850 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக 5,000 என்று கேட்க மாட்டார்கள்; சில்லறையோடு சொன்னால் ரசீது போட்ட தொகை மாதிரி இருக்கும். அது போனதும் நாணய மாற்றுக் கட்டணம் 18,500. அதன்பின் பார்சல் டெல்லி விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் மாட்டிக்கொண்டது, 47,000. அடுத்து “இது தீவிரவாதப் பணம் இல்லை” என்பதற்கு ஒரு சான்றிதழ், ஒன்றரை லட்சம். அப்படி ஒரு சான்றிதழே உலகத்தில் கிடையாது. டெல்லி என்று சொல்வதும் கணக்குப் போட்டுத்தான். வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஒருவர் நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரமாக இருக்க வேண்டும்.

நடுவில் ஏன் நிறுத்த முடிவதில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. 23,350 ரூபாய் கொடுத்தாயிற்று, இப்போது விட்டால் அதுவும் போச்சு, இன்னும் ஒரே ஒரு தவணைதானே என்று மனசு கணக்குப் போடும். கொடுத்த பணம்தான் அடுத்த பணத்தை இழுக்கிறது. நகையை அடகு வைக்கிற இடத்துக்கு ஆள் வந்துவிடுவது இப்படித்தான். ஆகவே ஏமாந்தவரை “புத்தி கெட்டவர்” என்று ஏசுவது நியாயமும் இல்லை, பிரயோசனமும் இல்லை.

ஆங்கிலத்தில் இந்த முறைக்கு ‘நாலு-ஒன்று-ஒன்பது’ என்றே ஒரு பெயர் உண்டு. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 419. ஆனால் வேர் அதைவிடப் பழையது. நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே ‘ஸ்பெயின் கைதி’ என்ற பெயரில் தபாலில் இதே வேலை நடந்தது. ஸ்பெயின் சிறையில் ஒரு பணக்காரர் இருக்கிறார், அவரை வெளியே எடுக்கக் கொஞ்சம் பணம் கொடுத்தால் பங்கு தருவார் என்று எழுதுவார்கள். இன்றைக்குக் கைதி போய் லாட்டரி வந்திருக்கிறது.

“இவ்வளவு பிழையோடு எழுதினால் யார் நம்புவார்கள்?” என்று பலர் கேட்பார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பச் செலவு இல்லை. பதில் போடுகிற ஆளோடு நாள்கணக்கில் பேசத்தான் செலவு. சந்தேகப்படுகிறவர்கள் முதல் கடிதத்திலேயே விலகிவிட்டால் மோசடிக்காரருக்கு லாபம். எளிதில் நம்புகிறவர்களை மட்டும் சலித்து எடுக்கிற சல்லடை அந்த அசட்டுக் கடிதம். ஆனால் பிழையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இப்போது கணினியே நல்ல ஆங்கிலமும் நல்ல தமிழும் எழுதித் தருகிறது. பிழை இருந்தால் போலி என்பது சரி. பிழை இல்லை என்பதால் அசல் ஆகிவிடாது.

மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பது

அனுப்பியவர் பெயர் என்று மேலே தடித்த எழுத்தில் தெரிவது வெறும் பெயர்ப் பலகை. அதில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். “ரிசர்வ் வங்கி கவர்னர்” என்றுகூட. உண்மையான முகவரி அதற்குப் பின்னால் இருக்கிறது. போனில் ஜிமெயில் செயலியில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே ‘டு மீ’ என்று சின்னதாக இருக்கும். அதன் பக்கத்து அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி விரியும்.

விரிந்ததும் ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதை வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருகிற மாதிரி, இங்கேயும் உரிமையாளர் கடைசியில்தான் இருப்பார். ‘ஆர்பிஐ டாட் பரிசு-அலுவலகம் டாட் காம்’ என்று ஒரு முகவரி இருந்தால், அது ஆர்பிஐ-க்குச் சொந்தமில்லை. ‘பரிசு-அலுவலகம் டாட் காம்’ என்ற பெயரை யாரோ வாங்கி, முன்னால் ஆர்பிஐ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறார். இந்திய அரசு அலுவலக முகவரிகள் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடியும். இந்திய வங்கிகளின் இணையதளங்கள் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 முதல் ‘பேங்க் டாட் இன்’ என்ற முடிவுக்கு மாறியிருக்கின்றன. அரசு அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஜிமெயிலிலிருந்தோ யாகூவிலிருந்தோ எழுதினால் மேலே படிக்கத் தேவையில்லை.

எழுத்து வித்தையும் உண்டு. ஆங்கில ‘எம்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்னத் திரையில் எம் மாதிரியே தெரியும். ‘ஓ’வுக்குப் பதில் பூஜ்யம், ‘எல்’லுக்குப் பதில் ஒன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, பதில் போகும் முகவரி. ஆங்கிலத்தில் ‘ரிப்ளை-டு’ என்று அதே இடத்தில் தெரியும். வந்தது ஒரு முகவரி, பதில் போவது சம்பந்தமே இல்லாத வேறொரு முகவரி என்றால் அது பெரிய அடையாளம். திருடப்பட்ட ஒரு கல்லூரி முகவரியிலிருந்தோ கம்பெனி முகவரியிலிருந்தோ கடிதத்தை அனுப்பி, பதிலை மட்டும் தன் இலவச முகவரிக்கு வாங்கிக்கொள்வார்கள். ‘டு’ என்ற இடத்தில் உங்கள் முகவரி இல்லாமல் இருப்பதும் கவனிக்க வேண்டியது; ஒரே கடிதம் ஆயிரம் பேருக்கு மறைமுகமாகப் போயிருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லாமல் “வெற்றியாளரே” என்று அழைப்பதும் இதனால்தான்.

கணினியில் பார்ப்பவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். கடிதத்தின் வலது மூலையில் மூன்று புள்ளி, அதற்குள் ‘ஷோ ஒரிஜினல்’. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு மேலே இருக்கும். ‘ஃபெயில்’ என்றிருந்தால் முகவரியே பொய் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ‘பாஸ்’ என்றிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அந்தக் கடிதம் அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. அனுப்பியவர் யோக்கியர் என்று சொல்லவில்லை. மோசடிக்காரர் சொந்தமாக ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து அனுப்பினாலும் மூன்றும் பாஸ்தான்.

இணைப்புக் கோப்பை இறக்காதீர்கள். ‘பரிசுச் சான்றிதழ்’ என்ற பெயரில் ஏபிகே என்று முடிகிற கோப்பு வந்தால் அது காகிதம் இல்லை, செயலி. நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்களைப் படித்து ஓடிபியை அங்கே அனுப்பிவிடும். பணம் ஏற்றிவிட உதவுகிறேன் என்று திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் இதே வேலைக்குத்தான். யுபிஐ பின்னைப் பொறுத்தவரை, பணம் கொடுப்பதற்குத்தான் பின் தேவை. வாங்குவதற்கு ஒருபோதும் தேவையில்லை.

அதிகாரியின் முகமூடி

ரிசர்வ் வங்கியின் பெயர்தான் அதிகம் கெடுக்கப்படுகிறது. பொதுமக்களுக்குப் பரிசு வழங்குவதற்கென்று ரிசர்வ் வங்கியில் கணக்கு எதுவும் கிடையாது. அது மின்னஞ்சல் அனுப்பி யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை.

வருமான வரி விஷயத்தில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மை. மோசடிக்காரர் அந்த உண்மையைத்தான் பயன்படுத்துகிறார்: “வரி கட்டாமல் எப்படித் தருவது?” ஆனால் பணப் பரிசு என்றால் தருகிறவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். முன்பணமாக உங்களிடம் வாங்க மாட்டார். கார் மாதிரிப் பொருளாக முழுப் பரிசும் விழுந்தால் மட்டும், வரி கட்டப்பட்ட பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்போதுகூட வரி போவது அரசுக் கணக்குக்கு, உங்கள் பான் எண்ணைப் போட்டு, சலான் வழியாக. பிறகு வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் அது தெரியும். யாரோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கோ போன் நம்பருக்கோ வருமான வரி கட்டும் வழக்கம் இந்தியாவில் இல்லை.

சுங்கத் துறையும் அப்படியே. மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் பக்கம் பல வீடுகளில் ஆள் வளைகுடாவில் இருக்கிறார். பார்சல் வருவதும், சுங்கவரி என்ற பேச்சும் அந்த வீடுகளுக்குப் பழக்கம். அதனால் “சுங்கத்தில் மாட்டியிருக்கிறது” என்ற பொய் அங்கே சட்டென்று ஒட்டிக்கொள்ளும். சுங்கத் துறையின் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் ‘டின்’ என்ற ஆவண அடையாள எண் இருக்கிறது; அதை அந்தத் துறையின் இணையதளத்திலேயே போட்டுச் சரிபார்க்கலாம். பெட்டி நிறையப் பவுண்டு நோட்டு பார்சலில் வருகிறது என்பதோ முழுப் பொய்.

இதே சரக்கு மின்னஞ்சலை விட்டு வேறு வாசலிலும் வருகிறது. பிளஸ் தொண்ணூற்றிரண்டு என்று தொடங்கும் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, டிவி போட்டியில் 25 லட்சம் விழுந்ததாக. 92 பாகிஸ்தானின் நாட்டு எண். தபாலில் சுரண்டல் அட்டையோடு உறை வருவதும் உண்டு. ஆன்லைனில் சேலை வாங்கிய முகவரிக்கே வரும், சுரண்டினால் கார் என்றிருக்கும். எல்லா அட்டையிலும் கார்தான். கேட்கும் கேள்வி அதேதான்: முதல் ரூபாய் எந்தப் பக்கம் போகிறது?

வீட்டுப் பெரியவரிடம் எப்படிப் பேசுவது

பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற ஆசிரியரோ, முக்கூடலில் பீடி சுற்றும் அக்காவோ இப்படி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு இ-சேவைக் கடைக்கு வந்தால், “இது ஃபிராடு, போங்க” என்று ஒரே போடாகப் போட்டால் காதில் ஏறாது. ஆசை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. கேள்வியாகக் கேட்பது நல்லது. பேச்சு இப்படிப் போகலாம்:

“அண்ணாச்சி, சீட்டு எங்க வாங்குனீங்க?”

“சீட்டு எங்க தம்பி வாங்குனேன்? சும்மாத்தான் வந்திருக்கு.”

“சரி. நாலாயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லுதாம்லா, அந்தப் பணத்தப் பரிசுலயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுங்கன்னு கேட்டுப் பாத்தீங்களா?”

“கேட்டேன். விதி அப்படி இல்லைங்கான்.”

“அஞ்சு கோடி குடுக்கவன் நாலாயிரத்தக் கழிக்க மாட்டேங்கானா அண்ணாச்சி?”

இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மௌனம் வரும். அதைக் கலைக்காதீர்கள். “கழித்துக்கொண்டு கொடு” என்ற கேள்வி மிக நல்ல கேள்வி. கேரள லாட்டரியில் கமிஷனும் வரியும் கழிவது அப்படித்தான். மோசடிக்காரரால் அதைச் செய்ய முடியாது. கழிப்பதற்கு அவரிடம் பரிசே இல்லை.

வந்துவிட்டது, இனி என்ன?

கடிதம் மட்டும் வந்திருக்கிறது, பதில் போடவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. மூன்று புள்ளியில் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ அழுத்துங்கள். திட்டிப் பதில் போட வேண்டாம். எந்தப் பதிலும் அந்த முகவரிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அடியில் இருக்கும் ‘அன்சப்ஸ்கிரைப்’ சுட்டியையும் அழுத்த வேண்டாம்.

விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், என்ன கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கடவுச்சொல் என்றால் உடனே மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கேயும் மாற்றுங்கள். ஏடிஎம் அட்டை எண் என்றால் வங்கிக்குப் போன் செய்து அட்டையை முடக்குங்கள். ஆதார் நகல் போயிருந்தால் ஆதார் செயலியில் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கலாம். ஏபிகே நிறுவியிருந்தால் முதலில் போனின் இணையத்தை அணையுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.

பணம் போய்விட்டது என்றால் மணிக்கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு. இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண். நீங்கள் சொல்லும் விவரம் வங்கிகளுக்குப் போகும்; பணம் இன்னும் எடுக்கப்படாமல் அந்தக் கணக்கில் கிடந்தால் அங்கேயே நிறுத்தி வைக்க முடியும். மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்காது, ஒன்றிலிருந்து நாலாகப் பிரிந்து ஓடும். அதனால்தான் இந்த அவசரம். கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியது: எந்த வங்கிக் கணக்கிலிருந்து போனது, எவ்வளவு, தேதி, நேரம், யாருடைய எண் அல்லது யுபிஐ முகவரிக்குப் போனது, பரிவர்த்தனை எண். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் இணையதளத்தில் எழுத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுங்கள். நேரில் போக வேண்டுமென்றால் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே போக முடியாதவர்கள் பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வங்கி பணத்தைத் திருப்பித் தருமா என்று எல்லோரும் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போய், 3 வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையதில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. லாட்டரி மோசடியில் நீங்களே பின் போட்டு அனுப்பியிருப்பீர்கள். அந்தப் பாதுகாப்பு அப்படியே இங்கே பொருந்தாது. ஆகவே நம்பிக்கை எல்லாம் அந்த 1930 அழைப்பின் வேகத்தில்தான் இருக்கிறது. வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தள்ளிப் போடுவதில்தான் பலருடைய பணம் கைவிட்டுப் போகிறது.

கோபத்தில் அந்தக் கடிதத்தை அழித்துவிடாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்ற தடயம், கண்ணுக்குத் தெரியாமல் கடிதத்தோடு வரும் குறிப்பான உள்தலைப்பில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ, மின்னஞ்சலை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்தாலோ அந்த உள்தலைப்பு கூடவே போகாது. கணினியில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து ‘டவுன்லோடு ஒரிஜினல்’ அழுத்தினால் ஒரு கோப்பாக இறங்கும். அதைப் புகாரோடு இணையுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. “உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறோம்” என்று யாராவது கேட்டால், ஏமாந்தவர்களின் பணம் ஓடுகிற வாய்க்காலாக அந்தக் கணக்கை ஆக்கத்தான். போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது அந்தக் கணக்கின் சொந்தக்காரர் வீட்டில். “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்புவது சுலபமில்லை.

கடைசியாக, இரண்டாம் சுற்று. பணத்தை இழந்து சில வாரமோ மாதமோ போன பிறகு இன்னொரு மின்னஞ்சல் வரும். இந்தத் தடவை லாட்டரி இல்லை. சைபர் போலீஸ், வழக்கறிஞர், அல்லது நஷ்டஈட்டு நிதி. “உங்களை ஏமாற்றிய கும்பலைப் பிடித்துவிட்டோம், இழந்த தொகை எங்களிடம் இருக்கிறது, கோப்புக் கட்டணம் 9,700 கட்டினால் திருப்பி அனுப்புகிறோம்” என்றிருக்கும். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்றுகூடச் சரியாகச் சொல்வார்கள். சொல்ல முடிவதற்குக் காரணம், எழுதுவது அதே ஆட்கள், அல்லது அவர்களிடமிருந்து ஏமாந்தவர்களின் பட்டியலை வாங்கியவர்கள். உண்மையான போலீஸ் மீட்ட பணத்தைத் தரக் கட்டணம் வாங்குவதில்லை. அப்படி ஒரு கடிதம் வந்தால் உங்கள் ஒப்புகை எண்ணை எடுத்துக்கொண்டு, புகார் கொடுத்த காவல் நிலையத்துக்கே போய் “இது நீங்கள் அனுப்பியதா?” என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தில் போட்டிருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.